கல்விச் செலவும் தொழிற்பயிற்சித் தேர்வும்

பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் எந்தத் தொழிற்கல்வி நிறுவனத்தில், எந்தத் தொழிற்பிரிவில், எத்தனை ஆண்டுகள் படிப்பது என்பதை முடிவு செய்யும் காரணிகளுள் முதன்மையானது கல்விச் செலவு. செலவு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கல்விக் கட்டணம் மட்டுமே. தொழிற்கல்வியைப் பொறுத்தவரை கட்டணம் பெரும்பாலும் சிறிய பகுதிதான். பேருந்து, உணவு, தங்குமிடம், படிக்கும் காலத்தில் ஈட்ட முடியாமல் போகும் கூலி ஆகியவை சேர்ந்ததே உண்மையான செலவு. இச்செலவுகள் மாணவரின் தேர்வை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைத் தமிழ்நாட்டின் தொழிற்பயிற்சி நிலையங்களை (ஐ.டி.ஐ.) முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் உள்ள தொழிற்கல்வி வழிகள்

தமிழ்நாட்டு மாணவருக்குத் தொழிற்கல்வியில் நான்கு முக்கிய வழிகள் உள்ளன.

முதலாவது, மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பாடப்பிரிவு. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பொதுப் பாடங்களுடன் ஒரு தொழிற்பாடத்தையும் மாணவர் படிக்கிறார்.

இரண்டாவது, தொழிற்பயிற்சி நிலையம். நடுவண் அரசு 1950ஆம் ஆண்டு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இந்நிலையங்கள் இயங்குகின்றன. வெல்டர், பிளம்பர் போன்ற ஓராண்டுப் பிரிவுகளும் ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற ஈராண்டுப் பிரிவுகளும் உள்ளன. பிரிவைப் பொறுத்து எட்டாம் வகுப்பு அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை.

மூன்றாவது, பாலிடெக்னிக் கல்லூரி. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு.

நான்காவது, தொழில் பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலையிலேயே உதவித்தொகை பெற்றுக்கொண்டு வேலை கற்பது.

இவற்றுக்கு வெளியே, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நடத்தப்படும் குறுகிய காலப் பயிற்சிகளும், கடையிலோ பட்டறையிலோ சேர்ந்து வேலை பழகும் பழைய வழக்கமும் உள்ளன. கட்டணம் இல்லாத வழியாகத் தோன்றுவதால் ஏழைக் குடும்பங்கள் பலவும் முதலில் நினைப்பது பட்டறையைத்தான்.

செலவின் மூன்று பகுதிகள்

1. நேரடிக் கட்டணம்: சேர்க்கைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. தனியார் நிலையங்களில் பிரிவுக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாறுபடுகிறது.

2. உடன்வரும் செலவு: பேருந்துக் கட்டணம், மதிய உணவு, விடுதி, சீருடை, பாதுகாப்புக் காலணி, வரைபடக் கருவிகள், பதிவேடுகள் ஆகியவை. கட்டண அறிவிப்பில் இவை இடம்பெறுவதில்லை. சேர்ந்த பிறகே இவை ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

3. இழக்கும் வருமானம்: படிக்கும் காலத்தில் வேலைக்குச் சென்றிருந்தால் கிடைத்திருக்கும் கூலி. இதைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பர். யாரும் இதற்கு ரசீது தருவதில்லை. ஆனால் தினக்கூலியை நம்பி வாழும் வீட்டில் மூன்றிலும் பெரியது இதுவே.

பொருளியல் விளக்கம்

தொழில் கற்பதற்குக் கட்டணத்தைத் தவிர வேறு செலவும் உண்டு என்பதை ஆடம் ஸ்மித் 1776இல் வெளியான தம் நூலிலேயே குறிப்பிட்டார். பழகுநரின் உழைப்பு முழுவதும் ஆசானுக்குச் செல்கிறது. அந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறு போடுவது பெற்றோர் பொறுப்பாகிறது என்பது அவர் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் தியடோர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகிய அமெரிக்கப் பொருளியலாளர்கள் இச்சிந்தனையை மனித மூலதனக் கோட்பாடாக வளர்த்தனர். இருவரும் முறையே 1979, 1992ஆம் ஆண்டுகளில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். கல்விக்குச் செலவிடும் பணமும் காலமும் ஒரு முதலீடு. பின்னாளில் கிடைக்கும் கூடுதல் வருமானம் அதன் பலன். பலன் செலவைவிட அதிகமாக இருக்கும் என்று தோன்றினால் குடும்பம் படிக்க வைக்கும் என்பது இக்கோட்பாட்டின் சாரம்.

இந்த விளக்கம் சரியானதே. ஆனால் முதலீடு செய்யக் கையில் பணம் இருக்க வேண்டும். பலன் வரும் வரை காத்திருக்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. ஏழை மாணவரின் தேர்வு தடம் மாறுவது இந்த இடத்தில்தான்.

செலவு தேர்வை மாற்றும் விதங்கள்

அரசு நிலையமா, தனியார் நிலையமா: கையில் ரொக்கம் இல்லாத குடும்பம் அரசு நிலையத்தையே நாடும். அங்கு விரும்பிய பிரிவில் இடம் கிடைக்காவிட்டால், கிடைத்த பிரிவில் சேர்வது அல்லது படிப்பையே விடுவது என்ற இரண்டு வழிகளே மிஞ்சும். எலக்ட்ரீசியன் ஆக விரும்பிய மாணவர் வேறொரு பிரிவில் சேர்வதற்கு மதிப்பெண் மட்டும் காரணமல்ல. அதே பிரிவைத் தனியார் நிலையத்தில் படிக்கப் பணம் இல்லாததும் காரணம்.

ஓராண்டா, ஈராண்டா: இங்குச் செலவு வேறு திசையில் இழுக்கிறது. கட்டணம் இல்லாவிட்டாலும் இரண்டு ஆண்டுகள் கூலி இல்லாமல் இருக்க முடியாத வீடு ஓராண்டுப் பிரிவையோ மூன்று மாதப் பயிற்சியையோ தேடுகிறது. ஆக, ஒரே வறுமை இரண்டு எதிர்த் திசைகளில் தள்ளுகிறது. ரொக்கத் தட்டுப்பாடு இலவசமான, ஆனால் நீண்ட படிப்பை நோக்கித் தள்ளுகிறது. வருமானத் தட்டுப்பாடு குறுகிய, ஆனால் கட்டணம் உள்ள படிப்பை நோக்கித் தள்ளுகிறது. எந்தத் தட்டுப்பாடு கடுமையாக உள்ளதோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது.

தொலைவு: தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. எனினும் எல்லாப் பிரிவுகளும் எல்லா நிலையங்களிலும் இல்லை. விரும்பிய பிரிவு தொலைவில் இருந்தால் விடுதி தேவைப்படும். கட்டணமில்லாப் பேருந்து அட்டை இருந்தாலும் காலை ஆறு மணிக்குப் புறப்படும் மாணவருக்குக் காலை உணவும் மதிய உணவும் வெளியில்தான். இதனால் பிரிவைப் பார்த்து நிலையத்தைத் தேர்ந்தெடுக்காமல், அருகில் இருக்கும் நிலையத்தைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உருவாகிறது.

பணம் கேட்கப்படும் மாதம்: சேர்க்கை நடப்பது பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில். அதே நேரத்தில் தம்பி தங்கையரின் பள்ளியும் திறக்கிறது. உழவர் வீட்டில் ஆனி, ஆடி மாதங்கள் விதைக்கும் உழவுக்கும் பணம் வெளியே போகும் காலம். சம்பா அறுவடைப் பணம் வருவதோ தை மாதத்தில். ஆண்டு முழுவதும் பார்த்தால் கட்டக்கூடிய தொகைதான். சேர்க்கை நாளில் மட்டும் கையில் இருக்காது. அப்போது நகை அடகுக்குப் போகிறது, அல்லது இடம் கைவிட்டுப் போகிறது. மொத்தத் தொகையைப் போலவே அது கேட்கப்படும் மாதமும் தேர்வை மாற்றுகிறது.

ஆண், பெண் வேறுபாடு: ஒரு வீட்டில் ஒருவரை மட்டுமே படிக்க வைக்க இயலும் என்ற நிலையில் பெண்ணின் படிப்பு தள்ளிப்போவது இன்றும் உண்டு. பெண்ணை அனுப்பும்போது பாதுகாப்பான விடுதி, வீட்டிலிருந்து நேர்ப் பேருந்து ஆகியவற்றையும் பெற்றோர் பார்க்கின்றனர். இதனால் பெண்களுக்குக் கிடைக்கும் பிரிவுகள் மேலும் குறைகின்றன. தையல், கணினி போன்ற பிரிவுகளையே பல பெண்கள் தேர்ந்தெடுப்பதற்கு விருப்பம் மட்டுமல்ல, இந்தச் செலவுக் கணக்கும் காரணம்.

செலவைக் குறைக்கும் அரசு உதவிகள்

தமிழ்நாட்டில் அரசுத் தொழிற்பயிற்சி நிலைய மாணவருக்குப் பயிற்சிக் கட்டணம் இல்லை. அத்துடன் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, விலையில்லா மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல்கள், வரைபடக் கருவிகள், கட்டணமில்லாப் பேருந்து அட்டை ஆகியவை வழங்கப்படுகின்றன.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பட்டயப் படிப்பும் தொழிற்பயிற்சியும் இத்திட்டங்களில் அடங்கும். இவை கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டங்கள் அல்ல. மாதந்தோறும் மாணவரின் வங்கிக் கணக்கில் பணமாக வருபவை. எனவே மேலே கூறிய உடன்வரும் செலவைச் சமாளிக்க இவை நேரடியாக உதவுகின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைப்பதும் மாணவியரின் போக்குவரத்துச் செலவைக் குறைத்துள்ளது.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்கான உயர்நிலைக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, பிற்படுத்தப்பட்டோர் மற்றும் ஆதிதிராவிடர் நல விடுதிகள், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்றவற்றில் பதிவு செய்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கான கல்வி உதவி ஆகியவையும் உண்டு. தொழிற்பயிற்சிக்கெனத் திறன் கடன் திட்டம் 2015 ஜூலை மாதம் தொடங்கப்பட்டது. 5,000 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற அது வழிசெய்தது. 2024இல் இத்திட்டம் திருத்தப்பட்டு உச்சவரம்பு 7,50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

உதவித்தொகைகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்ணப்பித்து, சரிபார்த்து, வங்கிக் கணக்குக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகலாம். முதல் சில மாதச் செலவைக் குடும்பமே தாங்க வேண்டியிருக்கும். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும் முன்பே ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

ஒரு கணக்கு

மேலே சொன்னவற்றை ஒரு கற்பனைக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவர் முன் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: பக்கத்து ஊர்த் தனியார் நிலையத்தில் ஓராண்டு வெல்டர் பிரிவு. கட்டணம் 20,000 ரூபாய். உணவு, போக்குவரத்து 10,000 ரூபாய். கையிலிருந்து செல்வது 30,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தால் 1,44,000 ரூபாய் வரும். இரண்டு ஆண்டு முடிவில் குடும்பத்திடம் 1,14,000 ரூபாய் வரவு நிற்கும்.

இரண்டாம் வழி: தொலைவில் உள்ள அரசு நிலையத்தில் ஈராண்டு ஃபிட்டர் பிரிவு. கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு உணவுச் செலவு 20,000 ரூபாய். தேர்வு, பதிவேடு முதலிய செலவுகள் 6,000 ரூபாய். மாதம் 750 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்கு உதவித்தொகை 18,000 ரூபாய். கையிலிருந்து செல்வது 8,000 ரூபாய் மட்டுமே. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் சம்பளம் இல்லை.

கையிலிருந்து செல்லும் பணத்தைப் பார்த்தால் இரண்டாம் வழி 22,000 ரூபாய் மலிவு. இரண்டு ஆண்டு முடிவில் நிற்கும் நிலையைப் பார்த்தால் முதல் வழி 1,22,000 ரூபாய் முன்னால் நிற்கிறது. ஃபிட்டராகச் சேர்ந்தவருக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று கொண்டால், இந்த இடைவெளியை ஈடுகட்ட ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஃபிட்டருக்கு ஆதாயம்தான். மாதம் 1,000 ரூபாய் உதவித் திட்டத்துக்கு இருவரும் தகுதி பெற்றால் முதலாமவருக்கு 12,000 ரூபாயும் இரண்டாமவருக்கு 24,000 ரூபாயும் கிடைக்கும். இடைவெளி 12,000 ரூபாய் குறையும்.

இக்கணக்கில் எந்த வழியும் தவறானதல்ல. மூன்றரை ஆண்டுகள் காத்திருக்க முடியாத குடும்பம் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் அது அறியாமை ஆகாது; அந்த வீட்டின் நிலைமை அது. ஆனால் சேர்க்கை நாளில் 20,000 ரூபாய் இல்லாத குடும்பத்துக்கு முதல் வழி திறப்பதே இல்லை. அந்த மாணவர் இரண்டாம் வழியில் சேர்வார். இல்லையேல் நேரே கூலி வேலைக்குப் போய்விடுவார்.

பாதியில் நிற்பதன் விலை

கணக்கில் வராத மற்றோர் ஆபத்து இடைநிற்றல். ஈராண்டுப் பிரிவில் சேர்ந்தவர் முதலாண்டு முடிவில் வீட்டு நெருக்கடி காரணமாக வேலைக்குச் சென்றுவிட்டால், ஓராண்டுக் காலமும் பணமும் செலவாகியும் தேசியத் தொழிற்சான்றிதழ் கைக்கு வராது. கற்ற கைத்திறன் வீண்போகாது என்றாலும், சான்றிதழ் கேட்கும் வேலைகளுக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது. ரயில்வேயில் டெக்னீசியன், உதவி லோகோ பைலட் போன்ற பணிகளுக்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் ஒரு தகுதியாகக் கேட்கப்படுகிறது. எனவே தொடங்குவதற்குப் பணம் இருக்கிறதா என்பதைவிட முடிக்கும் வரை தாங்க முடியுமா என்பதே சரியான கேள்வி.

மலிவு ஏமாற்றும் இடங்கள்

கட்டணம் குறைவு, காலமும் குறைவு என்று விளம்பரம் செய்யும் எல்லாப் பயிற்சிகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் என்.சி.வி.டி. எனப்படும் தேசியக் குழுமத்தின் கீழ் வருகிறதா, எஸ்.சி.வி.டி. எனப்படும் மாநிலக் குழுமத்தின் கீழ் வருகிறதா என்று கேட்டு அறிய வேண்டும். ஒரு நிலையம் ஏற்பு பெற்றிருந்தாலும் அதிலுள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே ஏற்பு தேவை. ஏற்பு இல்லாத பிரிவில் கட்டிய குறைந்த கட்டணமும் முழு நட்டமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விலை உயர்ந்தது தரமானது என்ற எண்ணத்தில் கடன் வாங்கித் தனியார் நிலையத்தில் சேர்ப்போரும் உள்ளனர். அரசு நிலையத்தில் பழைய இயந்திரங்களே இருக்கும் என்ற கருத்து இன்று எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து நவீன இயந்திரங்களுடன் தரம் உயர்த்தப்பட்டன. சேர்வதற்கு முன் பட்டறையை நேரில் பார்ப்பதற்குப் பேருந்துக் கட்டணம் மட்டுமே செலவு.

சம்பாதித்துக்கொண்டே கற்றல்

இழக்கும் வருமானமே பெரிய தடை என்றால், அதைக் குறைக்கும் வழி தொழில் பழகுநர் பயிற்சி. தொழிற்பயிற்சி முடித்தவர்களைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் போன்றவை பழகுநர்களாகச் சேர்த்துக்கொள்கின்றன. 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தம், தொழிற்சான்றிதழ் பெற்ற பழகுநருக்குக் குறைந்த அளவு உதவித்தொகையாக மாதம் 7,000 ரூபாயும் பட்டயம் பெற்றவருக்கு 8,000 ரூபாயும் நிர்ணயித்தது. நேரே வேலைக்குப் போவதைவிட இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் பழகுநர் சான்றிதழ் பின்னாளில் பெரிய நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் பயன்படும்.

மேற்படிப்புக்கான வழி அடைபடுவதில்லை

பணம் இல்லாததால் ஐ.டி.ஐ. சேர்ந்தால் படிப்பு அத்துடன் முடிந்துவிடும் என்ற அச்சம் பல பெற்றோரிடம் உண்டு. அது உண்மையல்ல. பத்தாம் வகுப்புடன் ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். படிப்படியாக, இடையில் வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டும் மேலே செல்ல முடியும்.

மாறாக, பொறியியல் படிக்க விருப்பமும் மதிப்பெண்ணும் உள்ள அரசுப் பள்ளி மாணவர், செலவுக்கு அஞ்சி மட்டும் அதைக் கைவிட வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிற்கல்விப் பட்டப்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஐ.டி.ஐ. படிப்பு விரும்பித் தேர்ந்தெடுக்கும் படிப்பாக இருக்க வேண்டும். வேறு வழி தெரியாததால் சேரும் படிப்பாக இருக்கக் கூடாது.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

• மொத்தப் படிப்புக்கும் சேர்த்து எவ்வளவு கட்ட வேண்டும்? எந்தெந்த மாதத்தில்? தவணை உண்டா? ரசீது கிடைக்குமா?
• இந்தப் பிரிவுக்கு ஏற்பு உள்ளதா? எந்தக் குழுமத்தின் சான்றிதழ்?
• வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை ஒரு நாள் செலவு எவ்வளவு? அதை வேலை நாள்களால் பெருக்கினால் ஆண்டுக்கு எவ்வளவு?
• எந்தெந்த உதவித்தொகைகளுக்குத் தகுதி உண்டு? முதல் தவணை வரும் வரை செலவுக்கு என்ன வழி?
• படிக்கும் காலம் முழுவதும் என் வருமானம் இல்லாமல் வீடு தாங்குமா? தாங்காது என்றால் ஓராண்டுப் பிரிவோ பழகுநர் பயிற்சியோ பொருந்துமா?
• பாதியில் நிற்க நேர்ந்தால் மூலச் சான்றிதழ்களும் கட்டிய பணமும் திரும்பக் கிடைக்குமா?
• சென்ற ஆண்டு இந்தப் பிரிவில் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் ஒருவரிடமாவது பேச முடியுமா?

இக்கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதி, பெற்றோரும் மாணவரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். கட்டணம் என்ற ஒரே எண்ணை வைத்து எடுக்கும் முடிவுக்கும் முழுச் செலவையும் அறிந்து எடுக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். செலவைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அந்தச் செலவை முழுமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நம் கையில் உள்ளது.